அமராவதி ஏரியைச் சுற்றி, யார் வண்டியிலும் ஏறாமல்

உடுமலையை விட்டுக் கிளம்பி ஊர் எல்லைகூடத் தாண்டவில்லை. அதற்குள் டி.வி.எஸ். ஐம்பதில் வந்த ஒருவர் என் பக்கத்தில் வேகத்தைக் குறைத்தார்.

“ஏனுங்க, பஞ்சருங்களா?”

பஞ்சரான சைக்கிளை யாராவது மிதித்துக்கொண்டு போவார்களா? நான் மிதித்துக்கொண்டுதான் இருந்தேன்.

“இல்லைங்க. வண்டி நல்லாத்தான் இருக்குது.”

“அப்புறம் ஏனுங்க சைக்கிள்ல போறீங்க?”

“ஏரியைப் பாக்கப் போறேனுங்க.”

“அமராவதிக்குப் பஸ் இருக்குதுங்களே! இப்ப வந்துருமுங்க. நான் வேணா கை காட்டி நிறுத்தட்டுங்களா?”

வேண்டாம் என்றேன். விட்டாரா? குறிச்சிக்கோட்டை வரைக்கும் என் கூடவே உருட்டிக்கொண்டு வந்தார். பின்னால் தேங்காய் லாரிக்காரன் ஹாரனை வைத்து அழுத்துகிறான், இவர் நகர்வதாக இல்லை. ஒரு பொம்பளையைத் தனியாக ரோட்டில் விட்டுவிட்டுப் போக அவருக்கு மனசு வரவில்லை. தங்கமான மனுஷர் என்று இதைப் படிக்கிறவர்கள் நினைக்கலாம். தங்கமோ பித்தளையோ, ஒருத்தியை நிம்மதியாகப் போகவிட வேண்டாமா?

என் கோபத்துக்குக் காரணம் உண்டு. பீளமேட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பெயர் கோமதி. வயது அறுபத்தொன்று. வீட்டுக்காரர் காலமான பிறகு எங்கள் வீட்டில் தனியாக இருக்கிறேன். போன வருஷம் சமையலறை ஈரத்தில் வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டு உடைந்து கட்டுப் போட்டார்கள். அன்றைக்குப் பிடித்தது சனி. பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் பிரபு, வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொல்லி ஆரம்பித்தான். அவன் இருப்பது பதினாலாவது மாடி. எதிர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

நான் மாட்டேன் என்றேன். விழுந்தால் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று அவன் விடவில்லை. “தனியா ரெண்டு நாள் உங்களால சமாளிக்க முடியுமாங்ம்மா?” என்று ஒரு நாள் கேட்டுவிட்டான். முப்பது வருஷம் விசில் ஊதி ஊர்ப் பெண்களை ஓடவைத்தவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? “சைக்கிள்லயே போயிட்டு வந்து காட்டுறேன் போடா” என்றேன். அப்படித்தான் பந்தயம் வந்தது. உடுமலையில் கிளம்பி, அமராவதி ஏரி, கல்லாபுரம், கொழுமம், மடத்துக்குளம் என்று சுற்றி, இரண்டு நாளில் மறுபடி உடுமலைக்கு வந்து சேர வேண்டும். யார் வண்டியிலும் ஏறக்கூடாது. அவனுக்குப் போன் போட்டுக் கூப்பிடக்கூடாது. ஜெயித்தால் வீட்டுப் பேச்சை அவன் இனி எடுக்க மாட்டான். தோற்றால் வீட்டைப் பூட்டிச் சாவியை அவன் கையில் கொடுத்துவிட வேண்டும்.

சைக்கிள் எங்கிருந்து வந்தது என்றால், சுவிட்சர்லாந்திலிருந்து. அதாவது அந்த யோசனை. சில வருஷம் முன்னால் பிரபுவை ஆபீசில் அங்கே ஒரு ஏரிக்கரை ஊருக்கு அனுப்பியபோது நானும் போய் அவனோடு இருந்தேன். அவன் வேலைக்குப் போனதும் வாடகை சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரியைச் சுற்றுவேன். ஒரு தரம் செயின் கழன்றுவிட்டது. கை முழுக்கக் கிரீசோடு ரோட்டோரம் உட்கார்ந்து மாட்டினேன். எத்தனையோ பேர் கடந்து போனார்கள், ஒருவரும் நிற்கவில்லை. ஒரு கிழவர் மட்டும் தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஆகா, என்ன நாகரிகமான ஜனங்கள் என்று நினைத்தேன். அங்கே சாப்பாடுதான் கொடுமை. ஜில்லென்று ஒரு ரொட்டி, அதற்குள் ஜில்லென்று ஒரு சீஸ் துண்டு. அதையும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து யாரும் யாரையும் பார்க்காமல் தின்பார்கள்.

நம் பக்கத்திலும் மலை இருக்கிறது, ஏரி இருக்கிறது, ஆயிரம் வருஷத்துக் கோயில் இருக்கிற ஊர்கள் இருக்கின்றன, ரோடும் பெரும்பாலும் மட்டம். ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். ஜனங்களும் இருக்கிறார்கள்.

அமராவதி போய்ச் சேருவதற்குள் மூன்று பேர் நிறுத்தினார்கள். ஒருவர் காரில் இடம் இருக்கிறது என்றார். இன்னொருவர் டிராக்டரில் சைக்கிளைக் கட்டிக்கொள்ளலாம் என்றார். மூன்றாவதாக ஒரு பெண், களை வெட்டிக்கொண்டிருந்த காட்டிலிருந்து ஓடிவந்து, “ஏனுங்க அம்மணி, ஊட்ல ஏதாச்சும் சண்டைங்களா?” என்று கேட்டாள். கோபித்துக்கொண்டு சைக்கிளில் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டேன் என்று முடிவே கட்டிவிட்டாள். மெனக்கெட்டு நின்று, இல்லை இல்லை என்று அவளுக்குப் புரியவைக்க வேண்டியிருந்தது.

ஏரியைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று பக்கமும் மலை, நடுவில் தண்ணீர், அதன்மேல் ஆனி மாதத்துக் காற்று. நான் சுற்றிய வெளிநாட்டு ஏரி இதற்கு உறை போடக் காணாது. ஆனால் அந்த ஏரியில் ஒரு பிளாஸ்டிக் டம்ளர் மிதந்து நான் பார்த்ததில்லை. இங்கே நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வாலிபன் தண்ணீர்ப் பாட்டிலைக் குடித்து முடித்துச் சர்வசாதாரணமாக ஏரிக்குள் வீசினான். பழைய டீச்சர் குரலில் “டேய்!” என்றேன். பயந்துபோய், கையில் இருந்த இன்னொரு பாட்டிலைப் பைக்குள் வைத்துக்கொண்டான். பக்கத்தில் மூணாறு பக்கமிருந்து காரில் வந்திருந்த ஒரு குடும்பம். இந்தம்மா எதற்குச் சைக்கிளில் வந்திருக்கிறார் என்று அந்த வீட்டுப் பெண் குழந்தை மலையாளத்தில் கேட்டது. “அவங்களுக்குக் கார் இல்லை, பாவம்” என்றாள் தாய். மலையாளம் எனக்குப் புரியும் என்று அவளுக்குத் தெரியாது. என் சைக்கிளின் விலையைச் சொல்லியிருந்தால் மயங்கி விழுந்திருப்பாள்.

மீன் வறுவல் கடையில் உட்கார்ந்தேன். கடைக்காரம்மா பெயர் சரசு. ஏரி மீனை மிளகாய்த்தூளும் உப்பும் தடவி தோசைக்கல்லில் போட்டுத் திருப்பித் திருப்பி எடுக்கிறார். அந்த ருசிக்காக இன்னொரு தரம் மணிக்கட்டை உடைத்துக்கொள்ளலாம். சாப்பாடு உதவியில் சேராது என்று எனக்கு நானே ஒரு விதி போட்டுக்கொண்டு ஒரு வெட்டு வெட்டினேன்.

இரண்டாவது துண்டு வைக்கும்போது சரசு கேட்டார்: “உங்களுக்கு எந்தக் கோயிலுங்க்கா?”

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்குக் குலசாமி எங்கே இருக்கிறது என்று அர்த்தம். சொன்னீர்களோ, தொலைந்தீர்கள். பங்காளியா, மாமன் மச்சானா என்று அந்த ஒரு பதிலில் தெரிந்துவிடும். அப்புறம் நீங்கள் வழிப்போக்கர் இல்லை, ஒறம்பரை, சொந்தக்காரர். ஒறம்பரையைச் சும்மா அனுப்புகிற வழக்கம் கிடையாது. இதெல்லாம் தெரிந்தவள்தான் நான். மீன் ருசியில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

“அட, எங்களுக்குப் பங்காளி முறையாவுதுங்க!” சரசுவின் முகம் மலர்ந்துவிட்டது. “நாளைக்குக் கொழுமத்து வழியாத்தான போவீங்க? எங்க பொறந்தவன் அங்கதானுங்க தோப்புல இருக்குது. சொல்லிப்போடறேன்.”

“ஒண்ணும் சொல்ல வேண்டாங்க. நான் பாட்டுக்குப் போயிருவேன்.”

“அதெப்படீங்க?” என்றவர், என் சைக்கிளைச் சுற்றி வந்து குனிந்தார். பின்சக்கரத்து மட்கார்டில் ஒரு ஸ்டிக்கர். அவசரத்துக்கு அழைக்க என்று போட்டுப் பிரபுவின் செல்போன் நம்பர். எனக்குத் தெரியாமல் எப்போது ஒட்டினானோ! சரசு சத்தம் போட்டு ஒவ்வொரு எண்ணாகப் படித்துத் தன் போனில் ஏற்றிக்கொண்டார். பிடுங்கி எறியலாம் என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். நல்ல பசை போட்டு ஒட்டியிருந்தான், படுபாவி.

ராத்திரி அமராவதியிலேயே ஒரு விடுதியில் தங்கிவிட்டு, மறுநாள் காலையில் கல்லாபுரத்துப் பக்கம் இறங்கினேன். இரண்டு பக்கமும் நெல்லும் கரும்பும், வாய்க்காலில் தண்ணீர், முதுகைத் தள்ளிக்கொண்டு காற்று. பயணம் முழுவதிலும் அந்த ஒரு மணி நேரம்தான் நான் ஆசைப்பட்ட மாதிரி இருந்தது. பிறகு டீக்கடையில் நிறுத்தினேன்.

“நீங்கதானுங்களா அந்தச் சைக்கிள் அம்மா?” என்றார் டீக்கடைக்காரர். “சரசு போன் பண்ணுச்சுங்க. வந்தா நிறுத்தி டீ குடுத்து உடச் சொல்லுச்சு. சித்த உக்காருங்க, எங்க ஊட்டுக்காரி சந்தகை புழிஞ்சிட்டிருக்குது.”

இடியாப்பம் மாதிரி நூல் நூலாகச் சந்தகை வந்தது. தேங்காய்ப்பால் வந்தது. வேண்டாம் என்பதற்கு எங்கள் பாஷையில் இன்னும் கொஞ்சம் வையுங்கள் என்று பொருள் போலிருக்கிறது. கிளம்பும்போது அவரும் போனை எடுத்து, “மாப்ள, அம்மா கிளம்பிப்போட்டாங்க” என்று யாருக்கோ சேதி சொன்னார். அணையில் தண்ணீர் திறந்துவிட்டால்கூட இவ்வளவு ஒழுங்காக ஊருக்கு ஊர் தகவல் சொல்ல மாட்டார்கள்.

கொழுமம் தாண்டி ஒரு ஊர். பெயரை எழுதினால் அந்த ஊர்க்காரர்கள் என்னைக் கோபித்துக்கொள்வார்கள், எழுதவில்லை. ரோட்டின் நடுவில் ஒருவர் துண்டை எடுத்து ரயிலை நிறுத்துவதுபோல வீசிக்கொண்டிருந்தார். சரசுவின் அண்ணன் பொன்னுசாமி. பின்னால் அவர் மனைவி. தோப்பு வீட்டில் அரிசியும் பருப்பும் சோறு பொங்கி, நெய் ஊற்றி, கத்தரிக்காயும் வதக்கி வைத்திருந்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு முன்னால்தான் சந்தகை சாப்பிட்டேன் என்றதற்கு, “அது பலகாரமுங்க. சோறு வேறயில்லீங்களா?” என்றார் அந்தம்மா. மறுபடி இலை முன்னால் உட்கார்ந்தேன்.

சாப்பிட்ட மயக்கத்தில், ஆற்றங்கரையில் இருக்கும் பழைய சிவன் கோயிலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நடந்து போனேன். கோயில் பூட்டியிருந்தது. சாவி வைத்திருப்பவர் காது குத்துக்குப் போயிருக்கிறாராம். வெளிச்சுவரில் கல்வெட்டு, அடி முதல் நுனி வரை அழகான பழைய எழுத்து. அதற்கு மேலே பச்சைப் பெயின்டில் ஒரு ஆணின் பெயர், ஒரு பெண்ணின் பெயர், நடுவில் இதயம். ஆயிரம் வருஷம் வெயிலுக்கும் மழைக்கும் தாங்கிய கல் அது. இந்த இரண்டு பேருடைய காதல் ஆறு மாசம் தாங்கியிருக்குமா? வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலோடு திரும்பி வந்தால் என் சைக்கிளைக் காணோம்.

“வண்டியை ஏத்தி உட்டுப்போட்டேனுங்க” என்றார் பொன்னுசாமி. முகத்தில் அப்படி ஒரு திருப்தி. “தேங்காய் லோடு ஏத்திக்கிட்டு மினி லாரி போச்சுங்க. மடத்துக்குளத்துல எங்க மச்சான் உரக்கடையில இறக்கி வெச்சிருவாங்க. நீங்க அலுங்காம என்ற பைக்ல வாங்க, கொண்டுபோயி உடறேன்.”

“யாரைக் கேட்டு ஏத்துனீங்க?”

“இதுக்கெல்லாம் கேக்கோணுங்களா?”

“கேக்கோணுங்க! என்ற வண்டி அது. நான் அதுல போறதுக்குத்தான் வந்தேன். உங்க பைக்ல நான் ஏறுனா என்ற ஊடு போயிருமுங்க!”

பந்தயத்தை முழுதாகச் சொல்லித் தீர்த்தேன். யாரோ கட்டி வைத்ததை விலை பேசி வாங்கிய வீடு இல்லை அது. நானும் அவரும் மண்ணைத் தொட்டுப் பார்த்து வாங்கி, செங்கல் செங்கலாகத் தடவிக் கட்டியது. அதை ஒரு தேங்காய் லோடு கொண்டுபோவதா? பொன்னுசாமி லாரியைத் திருப்பச் சொல்லலாம் என்று போன் போட்டார். டிரைவர் எடுக்கவில்லை.

அவர் மனைவிதான் யோசித்தார். மாட்டுக் கொட்டகைக்குள் போனவர், ஒரு நீலச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். மகள் பிளஸ் ஒன் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிள். முன்னால் கூடை, கூடைக்குள் கோழி முட்டையிட்ட வைக்கோல்.

“வண்டியில ஏறக்கூடாதுன்னுதானுங்க பந்தயம்? இதை மிதிச்சாத்தான போவும்?” என்றார்.

அந்த நியாயத்தை உலகத்தில் எந்த நடுவரும் மறுக்க முடியாது. காற்றடித்து, எண்ணெய் விட்டுக் கொடுத்தார். ஏறி உட்கார்ந்தேன். எருமை கனம் கனத்தது. கியர் என்ற பேச்சே இல்லை. பிரேக்கைப் பிடித்தால் ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு கிறீச்.

ஆனால் ஊர் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் அதிசயம். குமரலிங்கம் வரைக்கும் வந்துவிட்டேன், ஒருவர்கூட நிறுத்தவில்லை. விலை உயர்ந்த வண்டியில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு போனவளைப் பாவம் என்று ஊரே துரத்தியது. கூடை வைத்த ஓட்டைச் சைக்கிளில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போகிறவள் யாரோ தோட்டத்துக்குப் போகிறாள், அவ்வளவுதான். சுவிட்சர்லாந்து மாதிரியே இருந்தது. இரண்டு நாளாக இதற்குத்தானே தவம் கிடந்தேன்?

கொஞ்ச தூரம் சந்தோஷமாக மிதித்தேன். பிறகு எதிரே டி.வி.எஸ். ஐம்பதில் வந்த வேறொருவர் என்னைப் பார்க்காமலே போனபோது எனக்குச் சுருக்கென்றது. ஒரு வயசான பொம்பளை வேகாத வெயிலில் மிதித்துக்கொண்டு போகிறாள், என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்டால் குறைந்தா போய்விடுவார்? மனித மனசைப்போலப் பொல்லாதது வேறில்லை.

மடத்துக்குளத்து உரக்கடையில் என் சைக்கிள் மூட்டைகளுக்கு நடுவில் பத்திரமாக நின்றது. யாரோ துடைத்தும் வைத்திருந்தார்கள். பொன்னுசாமியின் மச்சான் ஒரு பெரிய சொம்பு மோரை நீட்டினார். நீலச் சைக்கிளைத் தானே திருப்பி அனுப்பிவிடுவதாகச் சொன்னார். அப்புறம் ஆரம்பித்தார்.

“இனி உடுமலைக்கு எதுத்த காத்துங்க. இந்த மாசத்துல எவனும் அக்கட்ட சைக்கிள் மிதிக்க மாட்டான். உங்களையும் வண்டியையும் வேன்ல போட்டு...”

“அண்ணா” என்றேன். “உங்க மச்சானைக் கூப்பிட்டு, நான் என்ன பேசினேன்னு கேட்டுக்குங்க.”

“கேட்டேனுங்க. அதானுங்க, வண்டியில ஒட்டியிருந்த நம்பரைப் பாத்து உங்க பையனுக்குப் போன் போட்டு ரெண்டு வார்த்தை சொல்லிப்போட்டேன்.”

காதில் விழுந்ததை என்னால் நம்ப முடியவில்லை. அவரிடம் மேற்கொண்டு பேசினால் சண்டை ஆகிவிடும் என்று மோரை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

அவர் சொன்ன காற்று பொய்யில்லை. ஆடி பிறக்கவே இல்லை, அதற்குள் அம்மியை நகர்த்துகிற காற்று. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் காற்றாலைகள் கிர்ரென்று சுற்றுகின்றன. நான் மிதிக்கிறேன், வண்டி நகரவில்லை. இறக்கத்தில்கூட மிதிக்க வேண்டியிருந்தது. வாயில் மண். போன வருஷம் உடைந்த மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது. ஒரு புளிய மரத்தடியில் இறங்கி நின்றேன். நின்றவள் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வண்டிக்காரர்கள் நிறுத்தி ஏறச் சொன்னார்கள். முதல் ஆளிடம் வேண்டாம் என்றேன். இரண்டாவது ஆள் கேட்டபோது எழுந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், ஒரு காலை எடுத்து வண்டியில் வைத்துவிட்டேன். பிறகு இழுத்துக்கொண்டேன்.

அவர் போன பிறகு பிரபு கூப்பிட்டான். கூப்பிட்டது அவன்தான், நான் இல்லை.

“அம்மா! என்னங்ம்மா நடக்குது அங்க? காலைல இருந்து எனக்குப் போன் மேல போன். மீட்டிங்ல உக்கார முடியல. சரசுங்கறாங்க, பொன்னுசாமிங்கறாங்க, உரக்கடைங்கறாங்க. யாரு இவங்க எல்லாம்?”

“ஒறம்பரை” என்றேன்.

“ஒருத்தர் என்னைக் கண்ணு கண்ணுன்னு கூப்பிட்டே அரை மணி நேரம் திட்டறாரு. பெத்தவளைக் காத்துல சைக்கிள் மிதிக்க உட்டுப்போட்டு நீ ஏசில உக்காந்திருக்கியா கண்ணு, அந்த ஊட்டை எடுத்து நீ என்ன பண்ணப்போற கண்ணுன்னு. அந்த மீன்கடை அம்மா, உங்கம்மாவுக்கு ஆள் இல்லைன்னு நெனச்சுக்காத தம்பி, நாங்க இருக்கறோம்னு சொல்றாங்க. எனக்கு மானமே போவுது!”

“நான் யாரையும் கேக்கலடா.” எனக்கு ஆத்திரம் பொங்கியது. இரண்டு நாள் ஆத்திரம் அத்தனையும் சேர்ந்து வந்தது. “தனியா இருக்கீங்க, விழுந்தா யாரு இருக்காங்கன்னு கேட்டியே. ரெண்டு நாளா பாத்துட்டேன். மூச்சு விட உடலடா! ஓடுனாலும் உடல, ஒளிஞ்சாலும் உடல. உன்ற பதினாலாவது மாடியில நான் வழுக்கி உழுந்தா எந்தச் சரசுடா வருவா?”

போனுக்குள் யாரோ கதவைத் தட்டுகிற சத்தமும், பிரபு ஒரு நிமிஷம் என்று ஆங்கிலத்தில் சொல்வதும் கேட்டது. அதற்குள் அவனுக்கு இன்னொரு அழைப்பு வந்துவிட்டது போலிருக்கிறது.

“ஐயோ, திரும்பவும் அந்த உரக்கடைக்காரர்!” என்று கத்தினான். “போதும் சாமி, ஆளை உடுங்க. பந்தயமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். நீங்க மொதல்ல ஊட்டுக்குப் போயிச் சேருங்க.”

“எந்த ஊட்டுக்கு?”

“எந்த ஊட்டுக்குன்னா? பீளமேட்டு ஊட்டுக்குத்தான். உங்க ஊட்டுக்கு.”

புளிய மரம் பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது. அவன் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் என் காதில் தெளிவாக விழுந்தது. ஆனாலும் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, “காத்துல ஒண்ணும் கேக்கலடா பிரபு, இன்னொருக்காச் சொல்லு” என்றேன்.